ஜன்னலுக்குக் கம்பி

குபாத் என்னிடம் வந்தது தன் பல்லைக் காட்ட அல்ல. மகளின் பல்லைக் காட்டத்தான் வந்தான். மகள் வாயைத் திறக்க மறுத்துவிட்டதால் தன் வாயைத் திறந்து காட்டினான்.

அது அக்டோபர் மாதம். பீன்ஸ் அடித்து, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றி முடித்திருந்த நேரம். எங்கள் தலாஸ் பள்ளத்தாக்கில் பல் வலிக்காரர்கள் அந்த வேலை முடிந்த பிறகுதான் வருவார்கள். அதுவரை வலியைக் காத்திருக்கச் சொல்லிவிடுவார்கள். என் கிளினிக் முன்னறையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். குபாத் உள்ளே நுழைந்ததும் ஆண்கள் எல்லோரும் எழுந்து கைகொடுத்தார்கள். அப்போதுதான் பல் பிடுங்கிக்கொண்ட ஒருவர் பஞ்சைக் கடித்தபடியே கைகொடுத்தார்.

காரணம், குபாத் எங்கள் ஊர் கோக்-போரு அணியில் முன்வரிசை ஆள். முப்பது கிலோ ஆட்டுடலை ஓடும் குதிரையிலிருந்து குனிந்து தரையிலிருந்து தூக்கி, தொடைக்கும் சேணத்துக்கும் நடுவே செருகிக்கொண்டு போய், எதிரணியின் தொட்டிக்குள் எறிய வேண்டும். தூக்கும்போது இரண்டு கையும் வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் சாட்டை வாய்க்குப் போகும். மற்ற வீரர்கள் சாட்டைக் காம்பை முன்பல்லால் கடித்துப் பிடிப்பார்கள். குபாத் இடது கடைவாயால் கடிப்பான். அது அவனுடைய தனிப் பாணி என்று ஊரே நினைத்தது. இருபது வருடமாகக் கோணல் பற்களை நேராக்குவதே தொழிலாகக் கொண்ட நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அன்றைக்கு அவன் மீசையை விரலால் ஒதுக்கிப் பல்லைக் கடித்துக் காட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. கடைவாய்ப் பற்கள் இறுக்கமாகச் சேர்ந்திருந்தன. முன்பற்கள் மேலே ஆறும் கீழே ஆறும் ஒன்றையொன்று தொடாமல் நின்றன. நடுவில் ஒரு சுண்டுவிரல் போகும். அந்த இடைவெளியில் நாக்கு வந்து உட்கார்ந்திருந்தது. முன்பல்லில் சாட்டையைக் கடித்தால் அது நழுவித் தரையில்தான் விழும்.

"இதனாலதான் டீம்ல என்னை ஜன்னல்னு கூப்பிடுறானுங்க அக்கா," என்றான். "எனக்குப் பரவாயில்ல, மீசை இருக்கு. இவளுக்கு என்ன பண்றது?"

மகள் ஜஸ்குலுக்குப் பன்னிரண்டு வயது. கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தாள்.

"பள்ளிக்கூடத்துல குரூப் போட்டோ எடுத்தாங்க. முப்பத்தோரு பிள்ளைங்க சிரிக்குது. இவ மட்டும் கையால வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறா. யாரோ செத்த சேதி கேட்ட மாதிரி."

"ஆப்பிளைக் கடிச்சுத் திங்க முடியுமாம்மா?" என்று அவளிடம் கேட்டேன்.

பதில் குபாத்திடமிருந்து வந்தது. "நாங்க ரெண்டு பேரும் வெட்டித்தான் திம்போம். லக்மான் சாப்பிட்டா நூடுல்ஸ் அறுபடாது. உறிஞ்சிக்கிட்டே போகணும், முடியற வரைக்கும். நான் பழகிட்டேன். இவ அழறா."

"அழல," என்றாள் ஜஸ்குல். அதுதான் அவள் பேசிய முதல் வார்த்தை. அதைக் கேட்டே நாக்கு எங்கே போய் முட்டுகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நல்ல வயது, கிளிப் போட்டால் ஒன்றரை, இரண்டு வருடத்தில் மூடிவிடலாம் என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். அவளுடைய வகுப்பில் ஒருத்தி கிளிப் போட்டிருக்கிறாளாம். அவளை எல்லோரும் டிராக்டர் என்று கூப்பிடுகிறார்களாம். குபாத் கெஞ்சினான், அதட்டினான், போன் வாங்கித் தருவதாகச் சொன்னான். போன் ஏற்கெனவே இருக்கிறது என்றாள். கடைசியில் அவளே ஒரு நிபந்தனை சொன்னாள்.

"அப்பா போட்டுக்கிட்டா நானும் போட்டுக்கறேன்."

"சரி, போட்டுக்கறேன்," என்றான் குபாத்.

சொன்ன பிறகுதான் யோசித்தான். அவன் யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் முன்னறைக் கதவு திறந்திருந்தது. ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். பஞ்சு கடித்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு எதுக்கு அக்கா?" என்று மெதுவாகக் கேட்டான். "எனக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே."

"நான் ஒண்ணும் சொல்லலயே. நீதான் சொன்ன."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். என்னென்ன வழி இருக்கிறது என்று கேட்டான். வரிசையாகச் சொன்னேன்.

"முப்பத்தெட்டு வயசுல எலும்பு வளராது. முழுசா சரியாகணும்னா பிஷ்கெக்குக்குப் போய் ஆபரேஷன் பண்ணிக்கணும். தாடையை அறுத்து நகர்த்தி, பிளேட் வச்சு முடுக்குவாங்க."

"எத்தனை நாள்?"

"ஆறு வாரம் கஞ்சி. ஆட்டத்தை ஒரு வருஷத்துக்கு மறந்துடணும்."

"அடுத்தது சொல்லுங்க."

"கடைவாய்ப் பல்லுக்கு மேல, ஈறு வழியா எலும்புல குட்டி ஸ்குரூ போடலாம். அதைப் பிடிமானமா வச்சுக் கடைவாய்ப் பல்லைக் கொஞ்சம் கொஞ்சமா மேல இழுக்கணும். கதவு தரையில தட்டுச்சுன்னா அடியில இழைச்சு விடுறோமில்ல, அந்த மாதிரி. பின்னால உயரம் குறைஞ்சா முன்னால தானா மூடும்."

"ஸ்குரூ வேண்டாம். வேற?"

"நிறமில்லாத பிளாஸ்டிக் உறை இருக்கு. பல்லு மேல மாட்டிக்கிட்டா வெளியில தெரியாது. ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுன்னு மாத்திக்கிட்டே போகணும். ஒரு நாளைக்கு இருபத்திரண்டு மணி நேரம் போடணும்."

"ஆட்டத்துக்குக் கழட்டலாமா?"

"கழட்டலாம். கழட்டி எங்க வைப்ப?"

அவன் யோசித்தான். "பூட்ஸ்ல."

"அதைத் திரும்ப வாயில வைப்பியா?"

"கழுவிட்டுத்தான்."

என் உதவியாளர் நசிரா தலையைக் குனிந்துகொண்டு எதையோ எழுதினாள். எழுத அங்கே ஒன்றும் இல்லை.

"நான் எதைப் போடுறேனோ அதையேதான் அப்பாவும் போடணும்," என்றாள் ஜஸ்குல். அவளுக்குக் கடைசிப் பற்கள் பாதிதான் முளைத்திருந்தன, உறை பிடிக்காது. உலோகக் கிளிப்தான் சரி. ஆக, இருவருக்கும் உலோகக் கிளிப் என்று முடிவாயிற்று. பல்லில் சின்னச் சின்ன உலோகக் கட்டிகள் ஒட்டி, அவற்றில் கம்பியைக் கோத்து, முன்பல்லில் மேலிருந்து கீழாக ரப்பர் பேண்ட் மாட்ட வேண்டும். குபாத்தின் விஷயத்தில் அது மட்டும் போதாது, ஸ்குரூ இல்லாமல் முடியாது என்று சொன்னேன். "அதை அப்புறம் பார்க்கலாம் அக்கா," என்றான்.

என்னிடம் இரண்டு நாற்காலிகள் உண்டு. அடுத்த வாரம் இருவரையும் ஒரே நேரத்தில் உட்கார வைத்தேன். ஜஸ்குல் ஒன்றரை மணி நேரம் அசையவில்லை. நானும் நசிராவும் பற்களை எண் சொல்லித்தான் பேசிக்கொள்வோம்; மேல் வலது பதினொன்றில் தொடங்கும், மேல் இடது இருபத்தொன்றில், அப்படியே சுற்றி வரும். அதை அவள் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். எழுந்து போகும்போது, "முப்பத்தாறுல மட்டும் பசை ஓரமா வழிஞ்சிருக்கு," என்றாள். பார்த்தேன். வழிந்துதான் இருந்தது.

குபாத் இரண்டு முறை எழுந்து வெளியே போய்வந்தான். "குதிரை என்னை மிதிச்சிருக்கு," என்றான். "அது ஒரே மிதிதான், அதோட முடிஞ்சிடும்."

மறுநாள் பயிற்சியில் என்ன நடந்திருக்கும் என்று யார் வேண்டுமானாலும் ஊகிக்கலாம். ஜன்னலுக்குக் கம்பி போட்டாச்சு என்று ஒருவன் சொன்னானாம். இனிமே திருடன் பயம் இல்ல என்று இன்னொருவன். கொசுவலை எப்ப என்று மூன்றாமவன். மாலைக்குள் கடைத்தெருவரை வந்துவிட்டது. நான் ரொட்டி வாங்கப் போன இடத்தில், "டாக்டரம்மா, எங்க வீட்டு ஜன்னலுக்கும் நீங்கதான் போடுவீங்களா?" என்று ரொட்டிக்காரி கேட்டாள்.

ஜஸ்குலைப் பள்ளியில் யாரும் டிராக்டர் என்று கூப்பிடவில்லை. அப்பாவைப் பற்றிய பேச்சே போதுமானதாக இருந்தது.

பிரச்சினை சாட்டையில் வந்தது. கடைவாயில் காம்பைக் கடித்தால் அங்கே ஒட்டியிருக்கும் கட்டி பெயர்ந்துவிடும். நவம்பரில் மூன்று பெயர்ந்தன. டிசம்பரில் ஐந்து. ஒவ்வொரு முறையும் ஒட்டிக்கொடுத்தேன். ஒருமுறை கம்பியில் ஆட்டுமயிர் சிக்கியிருந்தது. நசிரா அதை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இதை கார்டுல எந்தக் கட்டத்துல எழுதறது?" என்று கேட்டாள்.

அவனும் முயற்சி செய்யாமல் இல்லை. சாட்டையைப் பூட்ஸில் செருகிப் பார்த்தான். எடுக்க நேரமாயிற்று, அதற்குள் ஆடு கைமாறிவிட்டது. மணிக்கட்டில் கயிறு கட்டித் தொங்கவிட்டான். குனியும்போதெல்லாம் அது குதிரையின் வயிற்றில் அடித்தது. அடி விழுந்தால் ஓட வேண்டும் என்று பழக்கப்பட்ட குதிரை. ஒரு நாள் ஆட்டை எடுப்பதற்குள் அவனை ஆற்றங்கரைவரை கொண்டுபோய்விட்டது.

மறுபக்கம் ஜஸ்குலின் பற்கள் சொன்ன சொல் கேட்டன. ரப்பர் பேண்டைச் சாப்பாட்டு நேரம் தவிர அவள் கழற்றவே இல்லை. நான்கு மாதத்தில் இடைவெளி பாதியாகக் குறைந்தது. ஒவ்வொரு முறையும் அப்பாவின் அளவையும் கேட்பாள்.

"அவருக்கு எவ்வளவு?"

"அப்படியேதான் இருக்கு."

"ரப்பர் போடுறதில்ல," என்பாள் என்னிடம், அவன் பக்கத்தில் இல்லாதது போல. "பாக்கெட்லயே வச்சிருக்கார்."

மார்ச் மாதத் தொடக்கத்தில் அணித்தலைவர் எர்னிஸ் வந்தார். கையில் ஒரு பை நிறையத் தயிர்க்கட்டி. நலம் விசாரித்தார், என் கணவர் நலம், மகன் நலம், கிளினிக் கூரை நலம் எல்லாம் விசாரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். நௌரூஸ் புத்தாண்டுத் திருநாளன்று பக்கத்து மாவட்டத்தோடு ஆட்டம். மூன்று வருடமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறோம். குபாத் சாட்டையோடு ஆடினால் ஜெயிக்கலாம்.

"மூணே வாரம் அக்கா. கழட்டி வச்சிருங்க. அப்புறம் திரும்ப ஒட்டிக்கலாம்."

"மகளுக்கு வாக்கு குடுத்திருக்கான்."

"அதுக்கும் ஒரு வழி யோசிச்சிட்டோம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "முன்பல்லு ஆறுல மட்டும் விட்டுடுங்க. பார்வைக்கு. கடைவாயில எடுத்துட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குபாத் வெளியே காரில் உட்கார்ந்திருந்தான். உள்ளே வரத் துணியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான், வண்டி ஓடிக்கொண்டிருப்பது போல.

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். மருத்துவக் காரணம் பத்துச் சொல்லியிருக்கலாம், எல்லாமே உண்மையாக இருந்திருக்கும். ஆனால் நானும் மூன்று வருடமாகத் தோல்வியைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள். அவனை உள்ளே கூப்பிட்டேன். இடது கடைவாயில் மேலே மூன்று, கீழே மூன்று கட்டிகளை எடுத்தேன். முன்பக்கம் ஒரு துண்டுக் கம்பியை மட்டும் விட்டேன். அது எதையும் இழுக்கவில்லை. பார்வைக்கு நன்றாக இருந்தது.

ஆட்டத்தில் ஜெயித்தோம். ஐந்துக்கு நான்கு. ஐந்தாவதைக் குபாத்தான் போட்டான். இரண்டு பேர் இருபுறமும் இடிக்க, சாட்டை இடது கடைவாயில் இருக்க, ஆட்டைத் தொட்டிக்குள் எறிந்துவிட்டுச் சாட்டையைத் துப்பி வாய் பிளந்து கத்தினான். நானும் எழுந்து நின்று கத்தினேன். எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஜஸ்குல் நின்றுகொண்டிருந்தாள். அவளும்தான் கத்தினாள். வாயைப் பொத்தாமல்.

ஊரில் எல்லோர் போனிலும் அந்த வீடியோ இரண்டு நாள் ஓடியது.

அடுத்த வாரம் ஜஸ்குலுக்கு முறை. இந்தமுறை அவளை அழைத்துவந்தது அம்மா வெனெரா.

"அஞ்சு நாளா அவங்கப்பாகிட்ட பேசமாட்டேங்குறா," என்றாள் வெனெரா. "என்கிட்டயும் பேசல. நான் என்ன பண்ணேன்னு கேட்டா அதுக்கும் பதில் இல்ல."

ஜஸ்குல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். வாயைத் திறக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். வீடியோவை நிறுத்தி, குபாத்தின் வாயை மட்டும் பெரிதாக்கி வைத்திருந்தாள். படம் கட்டம் கட்டமாகக் கலங்கியிருந்தது. ஆனாலும் தெரிந்தது.

"இருபத்து நாலு, இருபத்தஞ்சு, இருபத்தாறு," என்றாள். "மூணும் காலி. அதுவா விழுந்துச்சா, நீங்க எடுத்தீங்களா?"

"நான்தான் எடுத்தேன்."

"ஏன்?"

"ஆட்டம் ஜெயிக்கணும்னு."

"ஜெயிச்சீங்க இல்ல?"

"ஜெயிச்சோம்."

அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "அப்ப என்னுதையும் எடுத்துடுங்க."

நாற்காலியின் உயரத்தை ஒருமுறை கூட்டிக் குறைத்தேன். பிறகு உள்ளதைச் சொன்னேன். உன் பல்லு பாதி மூடிடுச்சு, இப்ப எடுத்தா திரும்பத் திறந்துக்கும், அது எங்களுக்கு நஷ்டமில்ல, உனக்குத்தான். ஆனா எடுக்கச் சொல்ல உனக்கு உரிமை இருக்கு. நாங்க ரெண்டு பேரும் உன்னை ஏமாத்தினோம்.

வெனெரா அப்போதுதான் விஷயம் புரிந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "முன்னால இருக்குறது சும்மாவா?" என்று கேட்டாள். "அதுக்கா தினமும் அரை மணி நேரம் பல்லு தேய்க்கிறார்?"

ஜஸ்குல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கண்ணை அல்ல, வாயை.

"உங்களுக்குக் கீழ ஒரு பல்லு கோணலா நிக்குது," என்றாள். "நாப்பத்தொண்ணு."

"தெரியும்."

"எவ்வளவு நாளா?"

"காலேஜ் படிக்கும்போதிலிருந்து."

"ஏன் சரி பண்ணிக்கல?"

இருபது வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. நேரமில்லை என்றேன். அந்தப் பதில் அறையிலேயே நின்றது. நசிரா, பக்கத்து அலமாரியில் எதையோ தேடுவதுபோலத் திரும்பிக்கொண்டாள்.

"சரி," என்றேன். "நானும் போட்டுக்கறேன்."

"கிளிப்பா?"

"உறை. லேசான கோணல்தான், அதுக்கு உறை போதும்."

அதை அவள் சிறிது நேரம் எடைபோட்டாள். மருத்துவ ரீதியில் சரிதான் என்று பட்டிருக்க வேண்டும். "நாளைக்கு அப்பாவை வரச்சொல்லுங்க," என்றாள். "நானும் வர்றேன். அப்புறம் சொல்றேன்."

மறுநாள் குபாத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். அணித்தலைவரோடு வந்திருந்தால் நான் உள்ளே விட்டிருக்க மாட்டேன். தனியாகத்தான் வந்தான். ஜஸ்குல் இரண்டாவது நாற்காலியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தான். ஸ்டூல் அவனுக்குச் சிறியது.

"தப்புதான்," என்றான். "எனக்குப் பயமா இருந்துச்சு."

"ஸ்குரூவுக்கா?"

"ஸ்குரூவுக்கும்தான்." தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஆட்டத்தை விட்டா எனக்கு என்ன தெரியும் சொல்லு. பீன்ஸ் எல்லாரும்தான் போடுறாங்க. தெருவுல நான் போனா எழுந்து நிக்கிறாங்கன்னா அது பீன்ஸுக்காக இல்ல. ஒரு வருஷம் ஆடலன்னா யாரும் எழுந்து நிக்கமாட்டாங்க."

ஜஸ்குல் சொன்னாள். "எனக்கு இப்பவே யாரும் எழுந்து நிக்கறதில்ல. நான் போட்டுக்கலையா?"

அவள் அதைக் குறை சொல்வதுபோலச் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னாள். குபாத் அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் கையுறையைச் சரிசெய்தேன்.

அவன் போனை எடுத்து எர்னிஸைக் கூப்பிட்டான். மகள் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணே, நான் பல்லு வேலை முடியற வரைக்கும் வரமாட்டேன். ரெண்டு வருஷம் ஆகலாம்."

அந்தப் பக்கம் யாரோ ரம்பத்தால் எதையோ அறுக்கும் ஒலி மட்டும் கேட்டது.

"யோசிச்சுத்தான் சொல்றியா?"

"யோசிச்சுட்டேன்."

"சரி," என்றார் எர்னிஸ். "குதிரையையாவது குடு."

குபாத் கண்ணை மூடிக்கொண்டான். "எடுத்துட்டுப் போங்க," என்றான்.

பிறகு நாற்காலியில் ஏறிப் படுத்தான். பார்வைக்கு வைத்ததை எல்லாம் எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டினேன். மரத்துப்போக ஊசி போட்டு, மேலே இருபுறமும் ஸ்குரூவை ஏற்றினேன். தீக்குச்சியை விட மெலிந்த சாமான், பத்து நிமிட வேலை. ஜஸ்குல் எழுந்துவந்து பக்கத்தில் நின்று பார்த்தாள். இரண்டாவது ஸ்குரூவின்போது அவன் கை நாற்காலியின் கைப்பிடியை விட்டுக் காற்றில் எதையோ தேடியது. அவள் தன் கையைக் கொடுத்தாள். முகத்தை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொண்டாள்.

வேலை முடிந்ததும் தன் நாற்காலிக்குப் போய்ப் படுத்து வாயைத் திறந்தாள். "ரப்பர் போன வாரம் ஒண்ணும் போடல," என்றாள். "திரும்பிப் போகாம இருக்கான்னு பாருங்க."

அரை மில்லிமீட்டர் திரும்பிப் போயிருந்தது. ஒரு மாதத்தில் அதைப் பிடித்துவிட்டோம்.

அந்த இரண்டு வருடம் குபாத்துக்குக் கஷ்டமான காலம். ஆட்ட நாளில் படிக்கட்டில் உட்கார்ந்து தன் குதிரையில் இன்னொருவன் ஏறிப் போவதைப் பார்ப்பான். எர்னிஸின் மைத்துனன் ஒருவன் அதை ஓட்டினான். சுமாரான ஆள். ஆனால் குதிரைக்கு எல்லாம் தெரியும். ஆடு கிடக்கும் இடத்தில் தானே போய் நிற்கும். மைத்துனனுக்கு நல்ல பெயர் வந்தது. "குபாத்தை விட நல்லா ஓட்டுறான்," என்று ஒருவர் குபாத்திடமே சொன்னாராம், ஆளைக் கவனிக்காமல். குபாத், "ஆமா," என்று சொல்லிவிட்டு எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்தானாம்.

அவன் பயந்தபடியே தெருவில் எழுந்து நிற்கிறவர்கள் குறைந்தார்கள். என் முன்னறையில் மட்டும் எழுந்தார்கள், அங்கே நாற்காலி பற்றாது, அவனுக்கு இடம் விட வேண்டியிருந்தது.

ஜஸ்குலுக்கு இருபதாவது மாதத்தில் கிளிப்பை எடுத்தேன். கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். பல்லைக் கடித்துப் பார்த்தாள், பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள், விரல் நகத்தை முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பார்த்தாள். நகம் சிக்கியது. ஏதாவது சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். அவள் போனை எடுத்துத் தன்னைப் படம் பிடித்தாள், பார்த்தாள், அழித்தாள், மறுபடி பிடித்தாள். ஏழாவதை வைத்துக்கொண்டாள். ராத்திரியில் மாட்டிக்கொள்ள ஒரு உறை கொடுத்து, இதை விட்டால் பல் பழைய இடத்துக்கே போகும் என்றேன்.

"எத்தனை வருஷத்துக்கு?"

"விடவே கூடாது."

"சரி," என்றாள். என்னிடம் வந்த அத்தனை பேரில் அவள் ஒருத்திதான் அந்தப் பதிலைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை. "உங்களுக்கு எத்தனையாவது உறை?"

"பன்னிரண்டு. அதுதான் கடைசி, இன்னும் கழட்டல."

"காட்டுங்க." நான் காட்டினேன். அவள் தலையசைத்தாள்.

குபாத்தின் வேலை முடிய இன்னும் ஒன்பது மாதம் ஆயிற்று. முப்பத்தெட்டு வயதில் தொடங்கியவனுக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. ஆபரேஷன் செய்தது போல முழுமையாக இல்லை, இடது பக்கம் ஒரு இழை குறைகிறது. ஆனால் முன்பற்கள் சேர்ந்துவிட்டன. நசிரா கண்ணாடியைக் கொடுத்தபோது அவன் வாங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நாக்கால் பற்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தான். அப்படியே இரண்டு நிமிடம் போயிருக்கும்.

"என்ன தம்பி?"

"நாக்குக்குப் போக இடமில்ல அக்கா," என்றான். "நாப்பது வருஷமா அங்கதான் இருந்துச்சு. இப்ப எங்க வைக்கிறதுன்னு தெரியல."

அதற்கும் வைத்தியம் உண்டு. ஜன்னலில் எட்டிப்பார்த்தே பழகிய நாக்கு முன்பல்லைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதற்கு மேலண்ணத்தில் உட்காரக் கற்றுக்கொடுக்க வேண்டும். நாக்கு நுனியை மேலே தொட்டபடி விழுங்க வேண்டும், சில ஒலிகளைத் தினமும் நூறு முறை சொல்ல வேண்டும். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். 'ச்சூ' என்பதுதான் அதில் முதலாவது.

ஒரு மாதம் கழித்து வெனெரா போன் செய்தாள். குபாத் திரும்ப அணியில் சேர்ந்திருந்தான், மைத்துனன் குதிரையைத் திருப்பிக் கொடுத்திருந்தான். முன்பல்லில் சாட்டையைக் கடித்துப் பார்த்தானாம், ருசியே வேறாக இருக்கிறதாம், மறுபடி கடைவாய்க்கே போய்விட்டானாம். அதைச் சொல்ல அவள் கூப்பிடவில்லை.

"வீட்டுல பயிற்சி பண்ணா நாங்க சிரிக்கிறோம்னு லாயத்துக்குப் போயிடறார்," என்றாள். "காலையில நூறு, சாயங்காலம் நூறு."

"நல்லதுதானே."

"நல்லதுதான். ஆனா முதல் வார்த்தையைச் சொன்னா குதிரை கிளம்புது. ஓட்டும்போதும் அதைத்தான் சொல்லுவார். உள்ள இருக்கிற குதிரைக்கு எங்க போறதுன்னு தெரியல. இன்னைக்குக் கதவை உடைச்சிடுச்சு."

அப்படி ஒன்று இருப்பதை நான் யோசிக்கவில்லை. குதிரை ஓட்டுகிறவர்கள் எல்லோரும் சொல்கிற சொல்தான், நானே சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன். கதவு பெரிதாக உடைந்துவிட்டதா என்று கேட்டேன். கீல் பெயர்ந்துவிட்டது, மாற்றிக்கொள்ளலாம் என்றாள்.

"அவரை நிறுத்தச் சொல்லட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம். தாளை எடுத்துக்கோ, சொல்றேன்," என்று நான் வேறு வார்த்தை கொடுத்தேன்.